சிமிட்டினால் நில்

தென்முனை மூன்றாம் நிலையம், நிலா
பதிவு செய்பவர்: ஜெசிந்தா மச்சாது, மின்பொறியாளர்

காலை 8:10. அன்றாடப் பதிவு

காற்று சரி. தண்ணீர் சரி. மின்சாரம் சரி. சொரிமுத்து ரோவரை எடுத்துக்கொண்டு பள்ளத்தின் கிழக்கு ஓரத்துக்குப் பாறை பொறுக்கப் போயிருக்கிறான். அவன் நிலவியல் ஆள். கல்லைக் கண்டால் சோறு வேண்டாம். நிலையத்தில் நான் மட்டும். இந்தப் பள்ளத்துக்குள் சூரியன் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. எங்களுக்குக் காலை என்பது கடிகாரம் சொல்வதுதான்.

அவசரகால டார்ச்சைச் சோதித்தேன். முழங்கை நீளம், கல் கனம், கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். போட்டதும் இரண்டு தரம் சிமிட்டியது. உள்ளங்கையில் ஓங்கித் தட்டினேன், ஒழுங்காக எரிந்தது. கையேட்டில் இப்படி ஒரு பழுதுபார்ப்பு கிடையாது. கையேடு எழுதியவர் தூத்துக்குடியில் மின்வெட்டுக் காலத்தில் வாழ்ந்தவர் இல்லை.

காலை 11:35

நடுக்கம். சிறியதில்லை. அலமாரியில் இருந்ததெல்லாம் தரையில். நிலையம் ஒழுகவில்லை, நானும் முழுசாக இருக்கிறேன். ஆனால் வெளியே விளக்குக் கம்பம் பாதியில் ஒடிந்து, உச்சியில் இருந்த வழிவிளக்கு நொறுங்கிவிட்டது.

சொரிமுத்துவிடமிருந்து வந்தது:

"எக்கா, ரோவர் கவுந்துட்டு. எனக்கு அடி ஒண்ணுமில்ல. நீங்க பேசுதது எதுவும் இங்க கேக்கல, கரகரன்னு கூட வரல. நான் பேசுததாவது உங்களுக்குக் கேக்குதோ என்னமோ. தெசை காட்டுத கருவியும் வண்டியோட போச்சு. நடந்தே வாரேன். வெளக்கப் போடுங்க, அதப் பாத்து வந்துருதேன்."

அவன் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது அவனுக்குக் கேட்காது. அவன் ஹெல்மெட் விளக்கு காலடியை மட்டும் காட்டும். நிலையம் இருக்கும் திசையை அவனுக்குச் சொல்லக்கூடியது இங்கிருந்து போகும் ஒளி ஒன்றுதான். அந்த ஒளிக்கு எங்களிடம் ஒரே விதி: அசையாமல் எரிந்தால் வா, சிமிட்டினால் நில். சிமிட்டினால் முன்னால் புழுதிக் குழி என்று பொருள். மாவுபோல் மென்மையான புழுதி. பார்வைக்குத் தரை, காலை வைத்தால் ஆளை விழுங்கும்.

வழிவிளக்கு இல்லை. டார்ச்சைக் கம்பத்தின் அடிக்கட்டையில் கட்டப் போகிறேன். நிற்காமல் நடந்தால் அவனிடம் இருக்கும் ஆக்ஸிஜன் போதும்.

பகல் 12:20

கட்டினேன். எரிந்தது. "தெரியுதுக்கா! நம்ம தூத்துக்குடி லைட்டவுசு மாதிரில்லா தெரியுது!" என்று கத்தினான். ஐந்து நிமிடம் ராஜநடை.

பிறகு டார்ச் சிமிட்டியது.

"சிமிட்டுது. நிக்கேன். முன்னால குழி கெடக்கோ? சரிக்கா, அசைய மாட்டேன்."

குழி இல்லை. ஒன்றும் இல்லை. நடந்து வா என்று ஹெல்மெட்டுக்குள் தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கே காது வலித்தது. விதி என்றால் விதி அவனுக்கு. மற்ற நாளில் இதற்காகவே அவனைப் பாராட்டியிருக்கிறேன்.

பகல் 12:50

முதல் சந்தேகம் பேட்டரி. கழற்றினால் அதன் உறை குளிரில் விரிசல் விட்டிருந்தது. மாற்றுப் பேட்டரிப் பெட்டி நடுக்கத்தில் நசுங்கிவிட்டது. என் ஹெல்மெட் விளக்கின் பேட்டரியும் அதே அளவுதான். அதை எடுத்துப் போட்டேன். இனி என் காலடி எனக்குத் தெரியாது, பரவாயில்லை, கம்பத்தடியில் நிற்பதற்குக் காலடி எதற்கு.

சிறிது நேரம் நன்றாக எரிந்தது. அவன் கொஞ்சம் நடந்தான். மறுபடி சிமிட்டல். மறுபடி "நிக்கேன்."

பகல் 1:30

அடுத்த சந்தேகம், தொடுமுனைகள். பேட்டரியின் அடியில் இருக்கும் செம்புத் தகடும் ஸ்பிரிங்கும் கறுத்துக் கிடந்தன. தேய்க்க டார்ச்சை உள்ளே கொண்டுவர வேண்டும். அதாவது அவனை இருட்டில் விடவேண்டும்.

"இருட்டாயிட்டுக்கா. காலடிய விட்டா ஒண்ணுமே தெரியல. என் கை எனக்குத் தெரியல. இருக்கியளா?"

இருக்கிறேனடா. சுத்தம் செய்யும் திரவப் புட்டி உடைந்து போயிருந்தது. செம்பை வெளுக்க என்ன செய்வார்கள்? புளி. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை விழுதை எடுத்துத் தேய்த்தேன். செம்பு பளபளவென்று வந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு ஓடிப்போய்க் கட்டினேன்.

இருபது எண்ணுவதற்குள் முன்னைவிட மோசமாகச் சிமிட்டியது. விழுதில் நல்லெண்ணெயும் உப்பும் உண்டு என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அந்த எண்ணெய் வெளியே குளிரில் மெழுகாக உறைந்து தகட்டை மூடிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. திரும்ப உள்ளே. திரும்ப அவனுக்கு இருட்டு. சட்டைத் துணியைக் கிழித்துத் துடைத்தேன், சுரண்டினேன், அழுதுகொண்டே சுரண்டினேன்.

பகல் 2:15

தொடுமுனை சுத்தம். சுவிட்சைத் தவிர்த்து நேராகவே கம்பி இணைத்தேன். ஆனாலும் சிமிட்டுகிறது. சிறிது எரியும், சிமிட்டும், கொஞ்சம் ஓய்ந்து திரும்ப எரியும். இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, எனக்குப் பிடிபடவில்லை.

சொரிமுத்துவிடமிருந்து வந்தது. மூச்சு வாங்கப் பேசினான்:

"எக்கா, நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். உண்மையிலேயே குழின்னா இம்புட்டு நேரத்துல நீங்க வேற வழி காட்டியிருப்பிய. நீங்க சிமிட்டல, டார்ச்சுதான் சிமிட்டுது. காத்து வேற கொறைஞ்சிட்டே போவுது. நின்னே சாவ எனக்கு இஷ்டமில்ல. இனிமே அது என்ன ஆட்டம் ஆடுனாலும் நிக்க மாட்டேன். அணைஞ்சே போனாலும் நேர்கோட்டுல வந்துட்டே இருப்பேன், பாத்துக்கிடுங்க."

என் தங்கமே. இதைக் கேட்க இவ்வளவு நேரம் தவம் கிடந்தேன். உனக்கு மூளை இருக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதியே அனுப்புகிறேன்.

பகல் 2:40

பிடித்துவிட்டேன். சூடு!

வெளியே இரத்தம் உறையும் குளிர். டார்ச்சுக்குச் சூடாகும் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் வெளியே காற்று இல்லை. எல்.இ.டி. கக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு போக ஆளே இல்லை. அது தலையிலேயே தங்குகிறது. சூடு ஏறியதும் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று ஒளியைக் குறைக்கிறது, ஆறியதும் கூட்டுகிறது. டார்ச் பழுதே இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சிமிட்டியிருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் இரண்டு மணி நேரம் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டார்ச்சின் தலையைச் செம்புப் பட்டையால் கம்பத்தோடு இறுக்கினேன். சூடு கம்பத்தில் இறங்குகிறது. ஒளி அசையவில்லை. ஒரு துளி அசையவில்லை.

"சரியாயிட்டுக்கா! கெட்டிக்காரி!"

பாதிக்கு மேல் வந்துவிட்டான். சந்தோஷத்தில் எனக்குக் கால் நடுங்குகிறது.

பகல் 3:05

கால் நடுங்கவில்லை. தரைதான் நடுங்கியது.

டார்ச்சின் ஒளி போகும் பாதையில், அவனுக்கும் எனக்கும் நடுவே, குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. முன்பு அது இல்லை. சுற்றிலும் தரை வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது, அந்த இடம் தரவில்லை. தரை பிளந்திருக்கிறது. அவன் அதை நோக்கி நேராக வருகிறான்.

சிமிட்டினேன். கையால் மறைத்து, திறந்து, மறைத்து, திறந்து.

"ஆரம்பிச்சிட்டா? கழுத சிமிட்டட்டும்கா. நான் நிக்கல."

ஒழுங்காகச் சிமிட்டினேன். மூன்று மூன்றாக. மனிதர்தான் செய்கிறார் என்று தெரியும்படி.

"ஏக்கா, இப்ப தாளம்லா போடுது உங்க டார்ச்சு!" என்று சிரிக்கிறான்.

கம்பியைப் பிடுங்கி முழுக்க அணைத்தேன்.

"அணைஞ்சிட்டு. அணையட்டும். நேர்கோட்டுலதான் வாரேன், கவலப்படாதிய."

திரும்பப் போட்டேன். மாதாவே, எந்த வாயால் அவனுக்கு மூளை இருக்கிறது என்றேன்? நிறுத்த வழியில்லை. நில் என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே வார்த்தையை இந்த டார்ச் பகல் முழுக்கச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டது.

பகல் 3:12. விண்வெளி உடையின் குரல்பதிவு

நிறுத்த முடியாது. திருப்பலாம். அவன் ஒளியைப் பார்த்து வருகிறான். ஒளி நகர்ந்தால் அவனும் நகர்வான்.

பிளவு என் இடப்பக்கம் கொஞ்ச தூரத்தில் முடிகிறது. டார்ச்சைக் கம்பத்திலிருந்து அவிழ்த்துக் கையில் எடுத்துவிட்டேன். கம்பம் இல்லாமல் சூடு ஏறும், சிமிட்டும். அதனால் பாதுகாப்புச் சுற்றைக் கம்பி போட்டுத் தாண்டிவிட்டேன். இனி சிமிட்டாது. எரிந்து தீர்கிறவரை எரியும்.

இடப்பக்கம் நடக்கிறேன். ஒளியை அவன் பக்கமே பிடித்திருக்கிறேன், என் காலடி தெரியவில்லை.

3:17

"எக்கா, வெளக்கு எடது கையிப் பக்கம்... இல்ல, எனக்கு வலது கை. ஏன் அங்கன போச்சு? நான்தான் கோணி நடந்துட்டேன் போல. எனக்கு எப்பவுமே காலு ஒரு பக்கமா இழுக்கும். இந்தா திரும்புதேன்."

திரும்புகிறான். டார்ச்சை நம்புகிறான், தன் காலை நம்பவில்லை. கும்பிடுகிறேன் உன் காலை.

கையுறைக்குள் சூடு வருகிறது. விட மாட்டேன்.

3:24

பிளவின் முனையைத் தாண்டிவிட்டான். தாண்டிவிட்டான். அவன் ஹெல்மெட் விளக்கு சிறு பொட்டாகத் தெரிகிறது. கை வேகிறது. அழுகிறேன், சிரிக்கிறேன், இரண்டும்தான்.

3:26

ஒரு அடி பின்னால் வைத்தேன். தரை இல்லை.

முழங்கால் வரை. இழுத்தால் மற்றக் காலும் இறங்குகிறது. புழுதிக் குழி. இந்தப் பக்கம் நாங்கள் யாரும் நடந்து பார்த்ததே இல்லை.

இடுப்பு.

அவன் என்னை நோக்கி வருகிறான். ஒளியை நோக்கி. நேராக. அணைத்தாலும் வருவான், அவனே சொன்னான்.

3:28

எறிந்துவிட்டேன். நிலைய வாசல் பக்கம், தோள் கழன்றுபோகிற மாதிரி. இங்கே எடை குறைவு, காற்று தடுக்காது. போய்க்கொண்டே இருந்தது. சுழன்று சுழன்று போய் வாசலருகில் விழுந்தது. எரிகிறது. விழுந்தும் எரிகிறது.

"பாத்தேன் பாத்தேன், கைய வீசி வீசிக் கூப்பிடுதிய! வாசலுக்கே வந்து நிக்கியளாக்கும்? வந்துட்டேன்கா!"

திரும்பிவிட்டான். அவன் விளக்குப் பொட்டு என்னை விட்டு விலகிப் போகிறது. அந்தப் பக்கம் தரை கெட்டி. பிழைத்துக்கொண்டான்.

பயமாக இருக்கிறது. மார்பு வரை புழுதி. அசையாமல் இருந்தால் மெதுவாகத்தான் இறங்குகிறது. வாசலில் டார்ச் எரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

3:36

"எக்கா, வாசலுக்கு வந்துட்டேன். டார்ச்சக் கீழ போட்டுட்டு உள்ள போயிட்டியளா? என்ன சூடு சுடுது! பாவம் இதுவும் எவ்வளவு நேரந்தான் எரியும். ஆளில்லாத எடத்துல எதுக்கு வீணா எரியணும், கம்பியப் பிடுங்கி அணைச்சிட்டேன்."

அணைத்துவிட்டான்.

ஒன்றும் தெரியவில்லை. என் கை எனக்குத் தெரியவில்லை.

3:39

"உள்ள வந்துட்டேன். எக்கா? கக்கூஸ்ல இருக்கியளா? சரி, மெதுவா வாங்க. மொதல்ல இந்த மண்டையக் கழட்டுதேன். பசி உயிர் போவுது."

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டான். இனி அவன் குரலும் வராது.

நான் வெளியே வரும்போது மேசை ரேடியோவை என் உடைக்கு மாற்றிவிட்டு வந்தேன். அவன் அதைத் திரும்ப மேசைக்கு மாற்றினால்தான் நான் பேசுவது அங்கே கேட்கும். ஒரே ஒரு பொத்தான். பச்சை நிறம்.

கழுத்து.

சொரிமுத்து, பச்சைப் பொத்தான். சோறு அப்புறம். கயிற்றைக் கட்டிக்கொண்டு வா, இடப்பக்கமாக வா, நானிருக்கிற இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிடு. கயிறு இல்லாமல் வராதே. பச்சைப் பொத்தான், சொரிமுத்து. நாற்காலிக்கு நேர் எதிரே. பச்