டீ டப்பாவில் எழுதியிருந்தது

திருப்பதி, செவ்வாய்க்கிழமை

காஞ்சனாவின் தாத்தாவுக்குச் செங்கம்மா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம். உங்கள் இருமல் நின்றதா? இதை நீங்களே படியுங்கள், மருமகளிடம் கொடுக்க வேண்டாம்.

விடுதிச் சமையலறையில் நிற்க முட்டி விடமாட்டேன் என்கிறது. எடை குறைந்தால் வலி குறையும் என்று டாக்டர் சொன்னார். உடம்பு இளைக்கிற டீ ஒரு டப்பா வாங்கினேன். மேலே தெலுங்கில் என்னவோ எழுதியிருந்தது. சாப்பிட்டபின் குடிப்பதுதானே என்று நானாக நினைத்து மூன்று வேளையும் குடித்தேன். இளைத்தது நிஜம்தான், வயிற்றால் போயே இளைத்தேன். நான்காம் நாள் இட்லிக் குண்டானைத் தூக்கும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். பயப்படாதீர்கள், ஒரு இட்லிகூடக் கீழே விழவில்லை.

விடுதியில் தங்கியிருக்கும் புத்தூர்ப் பெண் ஸ்ரீதேவி டப்பாவைப் பார்த்தாள். "இன்னா ஆயா, ஒரு நாளிக்கு ஒரு கப்புதான்னு இம்மாம் பெரிசா போட்டுக்கிதே! நீதான் தினம் தெலுகு பேப்பர் படிச்சிக்கினு இருப்பியே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. பேப்பரில் படம்தான் பார்ப்பேன். உங்களையும் அப்படித்தான் ஏமாற்றினேன். பொங்கலுக்கு வந்த நம் நிலத்துத் தெலுங்குப் பாஸ்புக்கைப் புரட்டி எல்லாம் சரி என்றேனே, அதில் ஒரு எழுத்தும் எனக்குத் தெரியாது. தெரிந்தவர் யாரிடமாவது உடனே காட்டுங்கள்.

டிபனுக்கு நேரமாகிவிட்டது. திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டுங்கள். வரும்போது வயிற்றுப்போக்குக்குக் காயவைத்த மாதுளந்தோல் கொஞ்சம் கொண்டுவாருங்கள்.

செங்கம்மா