புரோமோபென்சீனில் மஞ்சள்

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. லேப் அலமாரியைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு போத்தலின் மூடியையும் கழற்றிக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்தேன். பிறகு மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். பதினாறு வருடமாக இது என் வேலை. ரவாங்கிலிருந்து புதிதாக வந்திருக்கும் கெமிஸ்ட் ஜீவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அக்கா, லேப்ல இதெல்லாம் வேணுமா?" மாஸ்டர்ஸ் படித்த வாய். சுண்டலை மட்டும் இரண்டு தரம் வாங்கித் தின்றது.

அக்டோபர் 3, வெள்ளி

ஜீவன் துரைக்கு ஒரே ஒரு வேலைதான். புரோமோபென்சீனை மக்னீசியத்தோடு ஈதரில் சேர்க்க வேண்டும். வினை தொடங்கினால் ஈதர் தானாகவே கொதிக்கும். ஈரம் பட்டால் தொடங்காது. இன்று ஒன்றும் ஆகவில்லை. மக்னீசியம் அடியில் பளபளவென்று சும்மா கிடந்தது. மேலே இவன் சும்மா நின்றான்.

அக்டோபர் 6, திங்கள்

இரண்டாவது தோல்வி. குடுவையை ஓவனில் காய வைத்தானாம், ஈதரை மாற்றினானாம், அயோடின் போட்டானாம். மீனவர் கிராமமான பாசிர் பெனம்பாங் வரை போயும், செத்து நாலு நாளான மீனைப் பார்த்து வாங்கி வந்தவன்!

அப்பா தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் முன்னால் கைகட்டி நின்றார். நான் இந்தப் பொடிப்பயல் முன்னால் நிற்க வேண்டும்.

அக்டோபர் 8, புதன்

மூன்றாவது.

"அக்கா, புரோமோபென்சீன்ல தண்ணி கிண்ணி போயிருக்குமா?"

"புதுப் போத்தல் தம்பி. நானே சீல் ஒடச்சேன். மொதல்ல உங்க கையப் பாருங்க."

முகம் சுருங்கிப் போனது. மதியச் சோறு ருசித்தது.

மேனேஜர் திவாகரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்குள்ள வரலன்னா அனுப்பிடுவேன் லா. தீபாவளி வரைக்கும்லாம் வெச்சிருக்க முடியாது." பலமாகத் தலையாட்டினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

நான்காவதும் போயிற்று. திங்கட்கிழமை கடிதம் கொடுத்துவிடுவார்கள்.

அவன் போன பிறகு மேசையைத் துடைத்தேன். கண்ணாடிக் குவளையில் மிச்சம் புரோமோபென்சீன் இருந்தது. அது தண்ணீரைவிடக் கனம். தண்ணீர் விழுந்தால் மேலேதான் மிதக்கும்.

மிதந்தது. இரண்டு துளி. ஒன்றுக்குள் மஞ்சள் தூள்.

மூடியக் கழட்டி வெச்சது யாரு? தெளிச்சது யாரு? கேட்டானே — அன்னைக்கே கேட்டானே!

குவளையைக் கழுவிவிட்டால் யாருக்கும் தெரியாது. குழாய் வரை கொண்டு போனேன்.

அக்டோபர் 13, திங்கள்

குவளையை திவாகரன் மேசையில் வைத்தேன். "அவன் தப்பு இல்ல பாஸ். என் தப்பு."

"பதினாறு வருசம், மோகனா," என்றார். அதற்கு அறைந்திருக்கலாம். கடிதம் எனக்குத்தான் வந்தது. எச்சரிக்கைக் கடிதம்.

வாசலில் நின்ற ஜீவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். ஏதாவது திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். நேராகப் போய்க் குடுவையைக் கழுவத் தொடங்கினான்.

அக்டோபர் 14, செவ்வாய்

அவனைப் பொடிப்பயல் என்று எழுதியிருக்கிறேன். யார் சொல்றது பாரு.

அக்டோபர் 17, வெள்ளி

புதுப் போத்தல். பத்தே நிமிடத்தில் குடுவை கலங்கி, ஈதர் தானாகக் கொதித்தது. "அக்கா, ஓடி வாங்க!" என்று கத்தினான். ஓடவில்லை. நடந்துதான் போனேன்.

போத்தலின் வெளிப்பக்கம் ஒரு சந்தனப் பொட்டு. அவன் வைத்தது. கோணல். அதற்கும் துப்பில்லை. துடைத்துவிட்டு நேராக வைத்தேன், மூடியைத் தொடாமல்.