மேசையில் எஞ்சின், வாசலில் சம்பந்தி

ஞாயிறு, ஆகஸ்ட் 14, 1994

இன்று பெண் பார்க்க வருகிறார்கள் என்று வாரம் முழுக்கச் சொல்லியும், இவர் அந்தப் பழைய ஜீப் எஞ்சினைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பியிருந்தார். பெட்ஷீட் போட்டு மூடினேன். மண்ணெண்ணெய் நாற்றத்தை எதைப் போட்டு மூட?

அமரவிளையிலிருந்து வந்தார்கள். பையனின் அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கை விரித்து மோப்பம் பிடித்தார். நேராக மேசைக்குப் போய்ப் பெட்ஷீட்டைத் தூக்கினார்.

"வோய், வால்வு இன்னும் தேய்க்கல்லியா?"

"ராத்திரி தேய்க்கணும்."

"இப்பமே தேய்ப்போம். பேஸ்ட் உண்டா?"

கஞ்சி போட்ட வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்துவிட்டார். வால்வு அதன் குழியில் இறுக்கமாக உட்கார வேண்டுமாம். இருவரும் மோர் கடைவதுபோல, வால்வின் தலையில் ஒட்டிய கம்பை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்கள். காப்பித் தட்டோடு நின்ற மகளை நிமிர்ந்து பார்த்தது பையன் மட்டும்தான். அவளுக்கும் பிடித்துவிட்டது. முகமே சொன்னது.

கிளம்பும்போது பொறுக்காமல் கேட்டேன். "ஒண்ணும் சொல்லாம போறியளே?"

"ரெண்டு வால்வு பாக்கியாக்கும். அடுத்த ஞாயிறு வாறேன்" என்றார், வேட்டியெல்லாம் கரியோடு.

இவரோ, "அவருக்கு எதுக்குச் செரமம்? நாளைக்கு நானே முடிச்சிருவேன்" என்கிறார்.

முடிக்கட்டும் பார்ப்போம். அந்த ரெண்டு வால்வும் என் அரிசிப் பானைக்குள் கிடக்கின்றன. அடுத்த ஞாயிறு வந்து சம்மதம் என்று அவர் வாயால் சொல்லட்டும், எடுத்துத் தருகிறேன்.