கொட்டகை ஆணியில் தொங்கிய பெல்ட்

வெர்லின்,

“கேக்காம எடுத்துட்டு அப்புறமா சொல்லிட்டா, அது திருட்டாப்பா?” என்று நம் டெல்லா சின்னவளாக இருந்தபோது கேட்டாள். “சொல்லிட்டா இல்லடி” என்றீர்கள்.

பக்கத்துப் பண்ணை ஆர்விட் உதிரிபாகங்களுக்காகவே மரங்களுக்கிடையே நிறுத்தியிருக்கும் பழைய அறுவடை மிஷினிலிருந்து, போன வருஷம் நம் மிஷினில் மாட்டப் பெல்ட்டைக் கழற்றி வந்தீர்கள். இன்றுவரை சொல்லவில்லை. காலையில் அவர் ஓட்டுகிற மிஷினின் பெல்ட் அறுந்து, நம் ஸ்பேர் பெல்ட்டைக் கேட்டு வந்து நின்றபோது, “என் கொட்டகை என்ன கடையாய்யா? போய்யா!” என்று கத்தினீர்கள். சாயங்காலம் ஆலங்கட்டி மழையாம். அவர் கோதுமை இன்னும் வயலில் நிற்கிறது.

உங்களோடு பேச எனக்குப் பிடிக்கவில்லை. ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன். சூப்பை நீங்களே சூடாக்கிக்கொள்ளுங்கள்.

லவோன்

பி.கு.: ஆணியில் ஸ்பேர் பெல்ட்டைத் தேடாதீர்கள். ஆர்விட் வெளியே போயிருந்தபோது அவர் மிஷின் இருக்கையில் வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. நீங்கள் வைத்ததாகவே அவர் நினைக்கட்டும்.