சத்தம் நின்றுபோன வண்டி

பாய்,

இன்று காலை ஒரு போல்ட் வாங்க லாங் பஜாருக்குப் போயிருந்தேன். கடைக்காரர் என்னை யாரென்று அறியாதவர். கேட்டதைக் கொடுக்காமல், சணலில் கோத்து வைத்திருந்த தோல் வளையங்களை எடுத்து முன்னால் போட்டார். "இத வெச்சுப் பாருங்க மேஸ்திரி. வில்லுப் பட்டைல சத்தமே வராது. இப்ப வேலூர்ல பாதி காருக்கு இதான்" என்றார். ஆவாரம்பட்டையில் பதம் செய்த எருமைத் தோல், விளக்கெண்ணெயில் ஊறியது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. போல்ட்டையும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

அதை முதன்முதலில் வெட்டியவன் நான்தான் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. அது உனக்குத் தெரியும்.

நீ போய் முப்பத்தைந்து நாள் ஆகிறது. நாற்பதாம் நாள் ஓதலுக்கு உன் வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. உனக்கோ தமிழ் எழுத்து படிக்க வராது. உயிரோடு இருந்தபோதே என் கடிதத்தை யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். எட்டு வருஷமாக உன்னிடம் ஒரு பொய்யை வைத்திருந்தேன். சுற்றி வளைக்க இப்போது உடம்பில் வலுவில்லை. ஆனாலும் முதலிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு வரும்.

நம் பஸ் ஞாபகம் இருக்கிறதா என்று உன்னிடம் கேட்பது அபத்தம். வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாக வாணியம்பாடி போய் வரும் அந்த வண்டியை நீ பெற்ற பிள்ளையைப் போலப் பேசுவாய். சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரை நின்று தோல் மிதிக்கிற வேலையை விட்டு ஓடிவந்து டிரைவர் ஆனவன் நீ. "இனிமே செத்தாலும் அந்த வாடை பக்கம் போ மாட்டேன் தோஸ்த்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொல்வாய். உன் அண்ணன்மார் இருவரும் ஆம்பூர்த் தோல் கிடங்கிலேயே இருந்தார்கள். நீ மட்டும் காக்கிச் சட்டை போட்டாய்.

சீமையிலிருந்து வந்த வண்டி. அதோடு வந்த புஷ்கள் இரண்டு வருஷம் உழைத்தன. வண்டிச் சட்டத்தோடு வில் பட்டையைச் சேர்க்கிற இடத்தில் ஒரு இரும்புப் பின், அந்தப் பின்னைச் சுற்றி ஒரு பித்தளைப் புஷ், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அது தேய்ந்தால் மாற்று கப்பலில் வர வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதலாளி பொறுக்காமல் பஜாரில் வார்த்த புஷ்களை வாங்கிப் போட்டார். உடைந்த குடத்தையும் குத்துவிளக்கையும் உருக்கி வார்த்தது போலிருக்கிறது. மூன்று வாரத்தில் தேய்ந்து, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற சந்து விழுந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு குழிக்கும் கடகடவென்று அடித்துக்கொள்ளும். நாம் மாதனூர் தாண்டும்போதே ஆம்பூர்க்காரர்கள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொள்வார்கள் என்று கேலி செய்வார்கள். போட்டி பஸ்காரன் வேறு, "பெரிய மனுசங்க இதுல வாங்க, பாத்திரக் கடை பின்னாடி வருது" என்று கூவி ஆள் பிடித்தான்.

உனக்கு அந்தச் சத்தத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. முன் வலப்பக்கம் அடித்தால் ஒரு பெயர், பின் இடப்பக்கம் முனகினால் ஒரு பெயர் வைத்திருந்தாய். மழை பெய்தால் எது அடங்கும், பாரம் ஏறினால் எது கத்தும் என்று வண்டியை நிறுத்தாமலே சொல்வாய். நான் ஜாக்கி வைத்துப் பார்த்தால் நீ சொன்ன இடத்தில்தான் தேய்ந்திருக்கும். எனக்கு உள்ளூர எரிச்சலாக இருக்கும். ஃபிட்டர் நானா நீயா?

அந்த எரிச்சலும் சேர்ந்துதான் தோல் யோசனை வந்தது என்று இப்போது நினைக்கிறேன். செருப்புக்கு அடி வைக்கிற கனத்த எருமைத் தோல் இந்த ஊரில் காலில் இடறுகிறது. அதைப் பட்டையாக வெட்டி, எண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்டு, பின்னைச் சுற்றி இறுக்கி ஏற்றினேன். முதல் நாள் வண்டி ஷெட்டை விட்டுப் போனபோது இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது. முதலாளி எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னாப்பா, வண்டி போவுதா நிக்குதா?" என்று கேட்டு என் தோளில் தட்டினார்.

நீ மட்டும் வாணியம்பாடி போய்த் திரும்பி வந்து முகம் கொடுக்காமல் நின்றாய்.

"இன்னா பாய், புடிக்கலியா?"

"காது செவுடான மாரி கீது தோஸ்த்."

"சத்தம் போனா நல்லதுதானே?"

"ஊட்ல சத்தம் இருந்தா பரவால்ல. சத்தம் நின்னுட்டாதான் பேஜாரு."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அப்புறம் நீயே ஒரு ஏற்பாடு சொன்னாய். வெள்ளிக்கிழமை தோறும் நடுப்பகலில் நம் வண்டி ஆம்பூர் மசூதிப் பக்கம் நிற்கும். நீ தொழுதுவிட்டு வரும் வரைக்கும் ஜனங்கள் காத்திருப்பார்கள், இந்துக்களும்தான். யாரும் முணுமுணுத்ததில்லை. அந்த நேரத்தில் நான் முன்பக்கத்து இரும்புப் பின்னைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். "எனக்குக் கேக்கல. நீ கண்ணால பாத்து சொல்லு, ஓட்றேன்" என்றாய். சரி என்றேன். வெள்ளிக்கிழமைகளில் உன்னோடு வண்டியில் வரத் தொடங்கினேன்.

ஏழு வெள்ளிக்கிழமை ஒழுங்காகக் கழற்றினேன் பாய். ஏழு தடவையும் தோல் மெத்தென்று இருந்தது. நீ தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி வந்து, "பாத்தாச்சா?" என்பாய். "பாத்தாச்சு" என்பேன். நீ ஏறுவாய்.

எட்டாவது வெள்ளிக்கு முன்னால் இரண்டு வாரம் விடாத மழை. தோல் ஈரத்தைக் குடிக்கும், ஈரத்தோடு மணலையும் குடிக்கும், குடித்த மணலை வைத்துக்கொண்டு இரும்பை அரைக்கும். பித்தளை தேய்ந்தால் கத்தி ஊரைக் கூட்டும். தோல் சத்தம் காட்டாமல் பின்னையே தின்றுவிடும். தோல் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அன்று மசூதி எதிரில் ஒரு தோல் மண்டிக்காரர் தன் காரை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார். சத்தமில்லாத பஸ்ஸைப் பற்றிய பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. "நம்ம காருக்கும் அத மாரி போட்டுக் குடு மேஸ்திரி" என்றார். கார் வைத்திருக்கிற மனிதர் என்னை மேஸ்திரி என்று கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். நான் அவர் காருக்கு அடியில் படுத்து அளவு எடுத்தேன். எழுந்து வந்து மறுபடி உட்கார்ந்து, எந்தத் தோல், எத்தனை நாள் ஊற வேண்டும் என்று பெருமையாக அளந்துகொண்டிருந்தேன். சுற்றிலும் நாலு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நீ தொழுகை முடிந்து வந்துவிட்டாய்.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

இதுதான் அந்தப் பொய். இத்தனூண்டு. சொல்லிவிட்டு நானும் அதே வண்டியில் ஏறி உன் பின்னால்தான் உட்கார்ந்தேன். ஏழு வாரம் நன்றாக இருந்தது எட்டாவது வாரம் கெட்டா போகும் என்று இருந்ததால், எனக்கு அது பொய்யாகவே படவில்லை.

பள்ளிகொண்டாவுக்கு முன்னால் ஏரிக்கரை மேல் பாதை போகிற இடத்தில் முன் வலப்பக்கத்து இரும்புப் பின் முறிந்தது. அப்போதும் பெரிய சத்தம் இல்லை. அச்சு பின்பக்கமாக நழுவி, வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இடப்பக்கம் ஏரி, மழையில் தளும்பிக்கொண்டு. வலப்பக்கம் புளியமரம். நீ உன் பக்கத்து மரத்தில் கொண்டுபோய் விட்டாய். உள்ளே இருந்த பதினான்கு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. உன்னுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நான் கட்டிலுக்குத் தலைமாட்டில் நின்றேன். "புறப்படும் முன் ஃபிட்டர் வண்டியைப் பார்த்தானா?" என்று கேட்டார். நீ என் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னாய்.

"பாத்தாரு சார். நான்தான் கொஞ்சம் ஜாஸ்தி வேகமா வந்துட்டேன்."

வேகமா? அந்த வண்டிக்கு வேகம் என்று ஒன்று இருந்ததா? வேகமாக ஓட்டியதாக எழுதிக்கொண்டு உன் லைசென்ஸை எடுத்துக்கொண்டு போனார்கள். கால் போனவனுக்கு லைசென்ஸ் எதற்கு என்று அங்கிருந்த ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன். என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னாய் என்று நினைத்தேன். நான் பார்த்தேன் என்று நம்புகிறான், பாவம், இப்போது போய் உண்மையைச் சொல்லி அவனை இன்னும் நோகடிப்பானேன் என்று எனக்கு நானே ஞாயம் கற்பித்துக்கொண்டேன். கோழைக்கு ஞாயம் கிடைப்பதா கஷ்டம்?

அதன் பிறகு உன் அண்ணன்மார் உன்னைக் கிடங்குக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். உட்கார்ந்தபடி தோலின் விளிம்பு அரிகிற வேலை. செத்தாலும் போக மாட்டேன் என்ற வாடையில் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தாய். நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவேன். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்பாய். புது டிரைவர் கிளட்சைத் தேய்க்கிறான் என்பேன். "கம்மியா மிதிக்கச் சொல்லு" என்பாய். தோல் புஷ்ஷைப் பற்றி நீ ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஒரு ரம்ஜான் அன்று மட்டும், சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "தோஸ்த், என்னாண்ட எதுனா சொல்லணுமா?" என்று கேட்டாய். சேமியா நன்றாக இருந்தது என்றேன்.

நீ போன மூன்றாம் நாள் உன் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தாரு. இப்பவும் சொல்லலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்."

"சொல்லும்மா."

"அன்னிக்கித் தொழுதுட்டு வந்து வண்டில ஏறுறதுக்கு முன்னால பாத்தாராம். நட்டு மேல அப்பின சேறு அப்படியே இருந்துச்சாம். நீங்க தெறக்கலன்னு அப்பவே தெரியுமாம். அத்தினி பேரு உங்களச் சுத்தி நிக்கிறாங்க, பெரிய மனுசர் வேற கீறாரு, எப்படிக் கேக்குறதுன்னு ஏறிட்டாராம். பதினாலு பேர வெச்சிகினு தெரிஞ்சே ஓட்டிட்டேன்னு எத்தினியோ நாள் அழுதிருக்காரு."

நான் எழுந்து வந்துவிட்டேன். உன் மனைவி என்ன நினைத்தாரோ தெரியாது.

பாய், எனக்கு உன் மேல் கோபமாக இருக்கிறது. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், ஆனாலும் கோபம்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "சேறு அப்படியே கீதேடா" என்று அத்தனை பேர் முன்னாலும் என்னை அறைந்திருக்கலாம். என் மானத்தைக் காப்பாற்ற உன் காலைக் கொடு என்று நானா கேட்டேன்? என் குற்றத்தில் பாதியை எடுத்து வைத்துக்கொண்டு எட்டு வருஷம் தோல் அரிந்தாயே. நான் வாராவாரம் எதிரில் உட்கார்ந்து கிளட்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேனே. யோசிக்க யோசிக்க ஆயாசமாக வருகிறது. தூங்கி எழுந்தாலும் களைப்பாகவே இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஷெட்டில் ஒரு வண்டி புறப்பட நின்றது. ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். டிரைவர் எட்டிப் பார்த்து, "முன் பட்ட பாத்தாச்சா மேஸ்திரி?" என்றான். நான் பார்க்கவில்லை. முந்தின நாள் மழையில் முதுகு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

"பாக்கல" என்றேன். "எல்லாரையும் எறக்கு."

முதலாளி முறைத்தார். ஒரு அம்மாள் கூடையோடு இறங்கிக்கொண்டே என் குடும்பத்தையெல்லாம் இழுத்துத் திட்டினாள். நான் ஜாக்கி வைத்துக் கழற்றிப் பார்த்து, துடைத்து, மாட்டினேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. எல்லோரும் மறுபடி ஏறிக்கொண்டார்கள்.

வண்டி அரை மணி தாமதமாகப் புறப்பட்டது. அவ்வளவுதான் பாய் ஆயிற்று.