மாவு மில் குரல்

மஸ்கட்
16.11.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகந்தானே? மில்லில் மாவு பறக்கும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்கிறீர்களா?

நேற்று ஆபீஸில் ஒரே கூத்து. நாம் பேசினால் கம்ப்யூட்டர் தானே டைப் அடிக்கும் புரோகிராம் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அதை ஏற்றுவது என் பொறுப்பு. முடிவில் மைக்கில் பேசிக் காட்ட வேண்டும். பேசினேன். ‘உங்கள் குரல் கேட்கவில்லை’ என்று நின்றுவிட்டது. ஒயரை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், முதலிலிருந்து திரும்ப ஏற்றினேன். அதே பதில். மேனேஜர் வேறு பின்னால் வந்து நின்றுகொண்டார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மோட்டார் ஓடும்போது மில் வாசலில் நின்று உங்களைக் கூப்பிடுவேனே, அந்தக் குரலில், “யப்பா! காது கேக்குதா இல்லையா? சாப்பிட வாரீகளா, மாட்டீகளா?” என்று கத்திவிட்டேன்.

திரையில் பச்சைக் கோடு துள்ளி எழுந்தது. புரோகிராம் ஏறிவிட்டது! ஆபீஸே எழுந்து நின்று பார்த்தது. இவ்வளவு நாள் இந்தக் குரலை எங்கே வைத்திருந்தாய் என்று மேனேஜர் சிரித்தார். மைக்கில் கோளாறே இல்லை அப்பா. இங்கே வந்ததிலிருந்து நான்தான் வாய்க்குள்ளேயே பேசியிருக்கிறேன்.

ஊருக்கு வந்திருக்கும் கண்டனூர் சவரிமுத்து அண்ணன் லீவு முடிந்து இங்கே திரும்பும்போது அவரிடம் இட்லிப் பொடி கொடுத்துவிடச் சொல்லுங்கள் அம்மாவை.

ஆபீஸ் பஸ் ஹாரன் அடிக்கிறது. வெள்ளிக்கிழமை மில்லுக்குப் போன் செய்கிறேன். வழக்கம்போல மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பேசாதீர்கள். அது பாட்டுக்கு ஓடட்டும். எனக்குக் கொஞ்சம் கத்த வேண்டும்.

உங்கள் மகள்,
ஜெசிந்தா