தோற்றவனுக்குத் தண்ணீர் கிடையாது

என்னைத் திட்டாமல் ஒரு நாளும் தூங்கப் போகாத என் அன்பு அப்பாவுக்கு,

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று கேட்டார்கள். கட்கியில் உன்னைத் தெரியாதவர்கள் யார், நாலு நல்ல வார்த்தை எழுத மகளைவிடப் பொருத்தமான ஆள் யார் என்றார்கள். கேட்டவர்களுக்கே கொஞ்சம் சங்கடம்தான். அப்பனுக்குத் துரோகம் செய்தவள் என்று மாதக்கணக்காக என்னைப் பேசுகிறவர்களில் அவர்களும் உண்டு. அதனால்தான் இதை உனக்கு மட்டும் ரகசியமாக எழுதாமல், எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நீ போனது ஜூலை மழையில். குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாய், டீ கேட்டாய். அம்மா டீயோடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கல்லூரியில் உன்னிடம் கால்பந்து ஆடிய பையன்கள் அந்த மழையில் எங்கிருந்தெல்லாமோ வந்து நின்றார்கள். நீதான் மராத்திப் பையன், மணிப்பூர்ப் பையன் என்று பார்க்காமல் மைதானத்தில் எல்லோரையும் தமிழில் விரட்டுவாயே, 'விடு விடு', 'பின்னாடி பாரு', 'ஏறி வா' என்று. எதிரணிக்குப் புரியாது, நமக்கு வசதி என்பாய். உன்னைத் தூக்கும்போது ஒருவன் பழக்கத்தில் "ஏறி வா, ஏறி வா" என்று கத்த, அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ கேட்டிருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

அதற்கப்புறம் நடந்த எதுவும் சிரிக்கிற மாதிரி இல்லை, அப்பா.

நம் குவார்ட்டர்ஸ் வழக்கம் உனக்குத் தெரியாததா? தொழிற்சாலையில் வேலை பார்க்கிற அப்பா செத்தால் மகனுக்கு வேலை. தாத்தா வேலை பெரியப்பாவுக்கு வந்தது அப்படித்தான். துக்கம் கேட்க வருகிறவர்கள் முதலில் அழுவார்கள், பிறகு பையனுக்கு எப்போது ஆர்டர் வரும் என்று கேட்பார்கள். நீ வேலை பார்த்தது கல்லூரியில், அதுவும் கால்பந்துப் பயிற்சியாளராக. ஆனால் இங்கே யாருக்கும் அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. ஊருக்கே நீ அண்ணாதானே, அண்ணா இடத்துக்கு அண்ணா மகன் என்று பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள்.

தம்பிக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. போசரியில் சதீஷ் பார்த்துக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் வேலை போய், பெண் பார்க்கும் பேச்சும் நின்று, அவன் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நேரம். உன்னிடம் நாலு வருஷம் லெஃப்ட் பேக் ஆடியவன், கோச்சிங் சான்றிதழ் ஒன்றும் கிடையாது. கல்லூரிக்காரர்கள் இரக்கப்பட்டு, புது ஆளைத் தேர்ந்தெடுக்கும்வரை நீ பார்த்துக்கொள் என்று அவனைத் தற்காலிகமாக வைத்தார்கள். அம்மா அன்றே கேசரி கிண்டி குவார்ட்டர்ஸ் லைன் முழுக்கக் கொடுத்தாள்.

அணி எந்த நிலையில் இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசி இரண்டு வருஷமும் கல்லூரிப் போட்டிகளில் நாம்தான் கடைசி. நல்லா ஆடுகிற பையன்கள் நம் கல்லூரியில் சேர்வதையே நிறுத்திவிட்டார்கள். அணியைக் கலைத்துவிட்டு மைதானத்தை வண்டி நிறுத்தக் கொடுத்துவிடலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு அடிபட்டது. ரெஃப்ரியைத் திட்டினாய், பையன்களைத் திட்டினாய், இந்தக் காலத்துச் சாப்பாட்டைத் திட்டினாய். ஷிண்டேயை நீ விரட்டிய நாளிலிருந்துதான் சரிவு என்று உன் எதிரில் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஷிண்டே அப்பாவின் உதவிப் பயிற்சியாளர். அப்பாவிடமே ஆடி, அப்பாவிடமே தொழில் கற்றவர். அப்பாவுக்கு ஒரு விதி உண்டு: தோத்தவனுக்குத் தண்ணி கிடையாது. ஆட்டத்தில் தோற்றால் தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் அடுக்கப்படும். அப்பா கை தூக்கும்வரை அணி மொத்தமும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும், பிறகுதான் பாட்டிலைத் தொடலாம். பழைய பையன்கள் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சந்தித்தால் இதைத்தான் பெருமையாகப் பேசுவார்கள். ஒரு ஏப்ரல் மத்தியானத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன் ஒருவன் உட்கார்ந்து வாந்தி எடுக்க, ஷிண்டே பாட்டிலைத் திறந்து அவன் வாயில் ஊற்றினார். அப்பா அத்தனை பேர் முன்னாலும் அவரை வெளியே போகச் சொன்னார். அவர் சிஞ்ச்வட் பக்கம் வேறொரு கல்லூரிக்குப் போய், மறு வருஷமே நம்மை ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

அன்று வீட்டுக்கு வந்து நீ சாப்பிடவில்லை. "சோறு போட்ட கையை கடிச்சிட்டான்" என்றாய். அந்த விதியை நீ எங்கிருந்து கொண்டுவந்தாய், அப்பா? உனக்கும் யாராவது அப்படிச் செய்தார்களா? நாங்கள் யாரும் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை.

சதீஷ் உன் நாற்காலிக்கு வந்ததும் உன்னை மாதிரியே தொப்பியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டான், உன்னை மாதிரியே கத்தினான். தோற்றான். அக்டோபர் வெயிலில் ஒரு ஆட்டம் தோற்றதும் பாட்டில்களை அடுக்கச் சொன்னான். ஓம்கார் என்று இரண்டாம் வருஷப் பையன், நம் அணியில் உருப்படியாக ஆடிய ஒரே விங்கர். இரண்டு முறை தண்ணீர் கேட்டிருக்கிறான். சதீஷ் கை தூக்கவில்லை. மூன்றாவது முறை அவன் கேட்கவில்லை, விழுந்துவிட்டான். சிறுநீரகம் பாதித்திருக்கிறது என்று ஐ.சி.யூ.வில் வைத்தார்கள்.

அதே கல்லூரியில் பாடம் எடுக்கிறவளாயிற்றே, நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓம்காரின் அம்மா ஒரு பட்டறையில் பேக்கிங் வேலை பார்க்கிறவர், வேலை உடுப்போடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார். கல்லூரியிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து நின்றார். சண்டை போடுவார், வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்று தயாராகப் போயிருந்தேன்.

"தாயீ, தண்ணி ஏன் குடுக்கல?" என்று மராத்தியில் கேட்டார். என்னைவிட மூத்தவர், மராத்தியில் தாயீ என்றால் அக்கா, மரியாதைக்கு அப்படிக் கூப்பிட்டார். கோபமே இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

வகுப்பில் எந்தக் கேள்வி வந்தாலும் எதையாவது சொல்லிச் சமாளிக்கிற வாய் இது. அன்றைக்கு அவரை உட்கார வைத்துவிட்டு, வெளியே போய் டீ வாங்கி வந்தேன். எங்கள் அப்பா அப்படித்தான் செய்வார் என்று சொல்லியிருக்க வேண்டுமா? உன்னைத்தான் கேட்கிறேன், என்ன சொல்லியிருக்கலாம்?

ஓம்கார் பிழைத்தான். ஆனால் இனி ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போலீஸ், கேஸ் என்று போகாமல் அவன் வீட்டாரைக் கல்லூரி சமாதானப்படுத்தியது. அண்ணா மகன், சின்னப் பையன், தெரியாமல் நடந்துவிட்டது என்று எல்லோரும் மூடி மறைத்தார்கள். உன் பேருக்கு அவ்வளவு செல்வாக்கு.

அப்புறம் நிரந்தரப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. கடைசியில் இரண்டே பேர் நின்றார்கள், சதீஷும் ஷிண்டேயும். நான் அங்கே வணிகவியல் பாடம் எடுப்பதோடு விளையாட்டுக் கமிட்டியிலும் இருக்கிறேன். என் தம்பி நிற்கிறான், நான் விலகிக்கொள்கிறேன் என்று பிரின்சிபால் மேடத்திடம் சொன்னேன். "நீ இரு, கீதா" என்றார். வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால் அது அண்ணா வீட்டு வாயிலிருந்தே வரட்டும் என்பது அவர் கணக்கு. அது புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

சதீஷ் உன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். தோள் கொஞ்சம் தொங்கியது. இந்த அணியில் எதை மாற்றுவாய் என்று கேட்டார்கள். "எதையும் மாத்த மாட்டேன். அப்பா எப்படி பண்ணாரோ அப்படியேதான் பண்ணுவேன்" என்று ஹிந்தியில் சொன்னான். ஒரு பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பயமாகிவிட்டது, அப்பா. ஒரு பையன் சாகக் கிடந்து எழுந்த பிறகும் எதையும் மாற்ற மாட்டேன் என்கிறான். உன் மேல் வைத்த அன்பில்தான் அப்படிச் சொன்னான், அதுதான் கொடுமை.

ஷிண்டேயின் நேர்காணல் யாருக்கும் பிடிக்கவில்லை. வெயில் காலத்தில் சாயங்காலம்தான் பயிற்சி என்றார், மைதானத்தில் எத்தனை குழாய் இருக்கிறது என்று கேட்டார். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவர் சொல்லிக் குடுத்தது. ஒரு விஷயத்துல அவர் தப்பு" என்றார். செத்தவரைப் பற்றி இப்படியா என்று அறையில் முகங்கள் சுருங்கின.

அவர் வெளியே போனதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அண்ணாவோட பையன். நாங்க என்ன சொல்றது? நீயே சொல்லு" என்றார் கண்ணைத் துடைத்தவர். நான் பேசாமல் இருந்தாலே போதும், தம்பிக்கு வேலை கிடைத்திருக்கும். அம்மாவுக்கு நிம்மதி, அவனுக்குக் கல்யாணம், எனக்கு ஊரில் நல்ல பெயர்.

ஷிண்டே சார் என்றேன். மேடம் வேகமாகக் குறித்துக்கொண்டார், எங்கே நான் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று.

நான் வீடு வருவதற்குள் சேதி வந்துவிட்டிருந்தது. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி பண்ணிட்டு வந்த? பெத்த அப்பன் எடத்துல எவனோ ஒருத்தன குந்த வெச்சிட்டு வந்திருக்க. அவனுக்கு ஒரு நௌக்ரி, ஒரு கல்யாணம்னு கனா கண்டுகினு இருந்தேன். ஒரே வார்த்தையில முடிச்சிட்டியே!"

சதீஷ் கத்தவில்லை. பையில் துணியை அடைத்துக்கொண்டிருந்தான். "நீ வாயே தொறக்காம இருந்திருக்கலாம்க்கா. அவங்களே குடுத்திருப்பாங்க" என்றான்.

"தெரியும்டா" என்றேன்.

அவன் சிஞ்ச்வட்டில் நண்பர்களோடு அறை எடுத்துக்கொண்டு, வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். என்னோடு பேச்சில்லை. அம்மா சாப்பாடு போடுவாள், சாப்பிடு என்று சொல்ல மாட்டாள். ஷிண்டே வந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். சரியாகவில்லை. இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரே ஒரு ஆட்டம் சமன். இன்னும் ஒரு சீசன் பார்க்கிறோம் என்று நிர்வாகம் கெடு வைத்திருக்கிறது. இதற்காகவா கூடப் பிறந்தவன் வயிற்றில் அடித்தாய் என்று ஊர் கேட்கிறது. பையன்கள் தோற்றுவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள், அவ்வளவுதான் நான் காட்ட முடிகிறது.

போன வாரம் உன் முதல் தெவசம். சதீஷ் வந்தான். ஐயர் போன பிறகு அம்மா அவனை இலை முன்னால் உட்கார வைத்தாள். பரிமாற ஆளில்லாமல் நான்தான் பரிமாறினேன். பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாத. அப்பா உயிரோட இருந்து, ஷிண்டேக்கு எதிரா அவரே வந்து அந்த ரூம்ல உக்காந்திருந்தா, யாரு பேர சொல்லியிருப்ப?"

நீ படத்தில் மாலையோடு இருந்தாய், காலையில் வைத்த படையல் இன்னும் எடுக்கவில்லை.

"ஷிண்டே பேரதான்" என்றேன்.

"நாக்கு அழுகிப்போயிடும்டி! தெவசத்தன்னிக்கி பேசற பேச்சா இது?" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சதீஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்னிடம் அப்பாவின் திறமை இல்லை என்று அக்கா ஒதுக்கிவிட்டாள் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருக்கிறான், பாவி. நீ போனதற்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தான்.

"அப்பா உன்ன வீட்ட வுட்டே தொரத்தியிருப்பாரு."

"தெரியும்."

"ரசம் ஊத்து" என்றான். குனிந்து சாப்பிட்டான், கண்ணீர் இலையில் விழுந்தது. நான் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அந்தப் பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை, அப்பா. கேட்டதும் வந்துவிட்டது. உன் மேல் உள்ள பாசத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனாலும் அந்தப் பையன்களை உன்னிடம் விட்டிருக்க மாட்டேன். இதை நீ இருந்து கேட்டிருந்தால் நீ கத்தியிருப்பாய், நானும் கத்தியிருப்பேன், அம்மா நடுவில் வந்து இரண்டு பேரையும் திட்டியிருப்பாள். அந்தச் சண்டை நமக்குள் நடக்காமலே போய்விட்டதே என்பதுதான் எனக்குத் தாளவில்லை.

சதீஷைக் கோச்சிங் படிப்பில் சேரச் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறான். அவன் படித்து முடித்து, அவனாக வந்து அந்த அறையில் உட்கார்ந்தால், முதல் ஆளாக அவன் பேரைச் சொல்வேன். மறுபடியும் உன் சட்டையைப் போட்டுக்கொண்டு நீயாக வந்து உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

இன்னமும் உனக்குப் பயப்படுகிற
உன் மூத்த மகள்,
கீதா